கணக்கு எழுதும் வீட்டில் கலக்கம் குறையும்

குடும்ப வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: மாற்கு 6:35-44, 2 இராஜாக்கள் 4:1-7, லூக்கா 14:28-30



வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் வருகிற ஜெபக் குறிப்புச் சீட்டுகளைப் பிரித்து வாசிக்கிற ஊழியத்தைப் பல வருஷங்களாகச் செய்து வருகிறேன். வியாதிக்காக ஜெபிக்கக் கேட்கிறவர்கள் வியாதியின் பெயரை எழுதுகிறார்கள். மகளின் கல்யாணத்துக்காகக் கேட்கிறவர்கள் மகளின் பெயரையும் வயதையும் எழுதுகிறார்கள். ஆனால் பணக் கஷ்டத்தில் இருக்கிறவர்கள் மாத்திரம் "கடன் பாரம் நீங்க" என்று ஒரே வரியோடு முடித்துவிடுகிறார்கள். கூட்டம் முடிந்தபின் அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "மொத்தம் எவ்வளவும்மா கடன்?" என்று கேட்டால், "தெரியலங்க ஐயா... நிறைய இருக்கு" என்கிறார்கள். "மாசம் எவ்வளவு செலவாகுது?" என்றால், "வர்றது போயிடுதுங்க. எங்க போகுதுன்னே தெரியல" என்கிறார்கள்.

இந்தத் "தெரியல" என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். அநேக வீடுகளில் ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பது கடன் மாத்திரமல்ல, இந்தத் "தெரியல"வுந்தான். கணக்குத் தெரியாத கடன் இருட்டிலே நிற்கிற ஆள் போல. உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகவே தெரியும். விளக்கைக் கொளுத்தினால் ஆள் போய்விடமாட்டான். ஆனால் அவன் எவ்வளவு உயரம் என்று தெரிந்துவிடும். பணத்தைக் குறித்த கலக்கத்திலே அந்த விளக்கு எது என்பதுதான் இந்த மாதப் பாடம். அது வேறொன்றுமல்ல, ஒரு நோட்டும் ஒரு பேனாவும்!

1. ஆண்டவர் முதலில் எண்ணிப் பார்க்கச் சொன்னார்

வனாந்தரத்தில் ஜனக்கூட்டம். பொழுது சாய்ந்துவிட்டது. புருஷர் மாத்திரம் 5,000 பேர். சீஷர்கள் கணக்குப் போட்டார்கள். எதைக் கணக்குப் போட்டார்கள்? தேவை எவ்வளவு என்பதை! 200 பணம் வேண்டும் என்றார்கள். ஒரு பணம் ஒரு நாள் கூலி என்று மத்தேயு 20:2-ல் பார்க்கிறோம். அப்படியானால் 200 நாள் கூலி. அதை நினைத்த மாத்திரத்தில் அவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும்.

நாமும் அப்படித்தான். "ஜூன் மாசம் பீஸ் கட்டணும், அரிசி தீர்ந்துபோச்சு, வாரத் தவணை இருக்கு" என்று தேவைகளை மாத்திரம் மனதிலே எண்ணி எண்ணிக் கலங்குகிறோம்.

ஆண்டவர் செய்ததைப் பாருங்கள். இல்லாததை விட்டுவிட்டு, கையில் இருப்பது எத்தனை என்று போய்ப் பார்த்து வரும்படி சீஷர்களை அனுப்பினார். அவர்கள் பார்த்து வந்து, 5 அப்பம், 2 மீன் என்று தொகை சொன்னார்கள். அதன்பின் ஜனங்களை நூறுநூறு பேராகவும் ஐம்பது ஐம்பது பேராகவும் வரிசையாக உட்கார வைத்தார்கள். எல்லாரும் சாப்பிட்டுத் திருப்தியடைந்தபின் மீதியைச் சேர்த்தார்கள். அதையும் எண்ணினார்கள், 12 கூடை. முதலிலும் எண்ணிக்கை, முடிவிலும் எண்ணிக்கை, நடுவிலே அற்புதம்! எண்ணியதனால் அற்புதம் நின்றுபோகவில்லை.

ஆகவே என் அன்பான வேண்டுகோள்: இனிமேல் ஜெபச் சீட்டில் "கடன் பாரம்" என்று மட்டும் எழுதாமல் தொகையையும் எழுதுங்கள். சீட்டில் எழுதக் கூச்சமாக இருந்தால் வீட்டு ஜெபத்திலாவது கர்த்தரிடம் தொகையைச் சொல்லுங்கள். நம்முடைய தேவைகள் பரமபிதாவுக்கு முன்னமே தெரியும். தெரியாமல் இருப்பது நமக்குத்தான்.

2. "வீட்டில் என்ன இருக்கிறது?"

2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்து விதவையை எல்லாருக்கும் தெரியும். புருஷன் தேவனுக்குப் பயந்த மனுஷன். ஆனாலும் கடன் வைத்துவிட்டு மரித்துப்போனான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தேவபக்தியுள்ள குடும்பத்திலும் கடன் வரும் என்பதை வேதம் மறைக்கவில்லை. எனவே கடன்பட்ட விசுவாசியைப் பார்த்து, "உன்னிடத்தில் என்ன பாவம் இருக்கிறதோ?" என்று கேட்க யாரும் துணிய வேண்டாம்.

எலிசா அவளிடத்தில் வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். ஒன்றுமில்லை என்றுதான் அவள் ஆரம்பித்தாள். ஆனால் அந்தப் பதில் முடிவதற்குள் ஒரு குடம் எண்ணெய் ஞாபகத்துக்கு வந்துவிட்டது! விசாரித்தபோதுதான் அவளுக்கே அது தெரிகிறது.

எண்ணெய் பெருகினபின் எலிசா கொடுத்த ஆலோசனையும் வரிசையாக இருக்கிறது. முதலில் விற்க வேண்டும். இரண்டாவது கடனைத் தீர்க்க வேண்டும். மூன்றாவது மீதியைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் ஜீவனம்பண்ண வேண்டும். அற்புதத்துக்குப் பிறகும் வரவு, கடன், ஜீவனம் என்று ஒரு கணக்கு இருந்ததைப் பாருங்கள்.

3. கணக்கு எழுதுவது விசுவாசக் குறைவா?

இந்தப் பாடத்தைச் சொல்லும்போதெல்லாம் எழும்புகிற கேள்விகள் சில உண்டு.

"கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறவனுக்குக் கணக்கு எதற்கு?"

ஜார்ஜ் முல்லரைப் பற்றி நம்முடைய பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். 1830-லேயே சம்பளம் வேண்டாம் என்று விட்டுவிட்டு, இங்கிலாந்தில் பிரிஸ்டல் பட்டணத்தில் 1836-ல் அநாதை இல்லத்தை ஆரம்பித்தார். பணத்துக்காக எந்த மனுஷனிடத்திலும் கைநீட்டாமல் தேவனிடத்தில் மாத்திரமே கேட்டார். 1898-ல் அவர் மரிப்பதற்குள் 10,000-க்கும் அதிகமான பிள்ளைகள் அந்த இல்லங்களில் வளர்க்கப்பட்டார்கள். இவ்வளவு பெரிய விசுவாச வீரர், வந்த காணிக்கைகளைச் சின்னத் தொகை உட்பட எழுதிவைத்தார். வரவும் செலவும் அடங்கிய அறிக்கையை வருஷா வருஷம் அச்சிட்டு வெளியிட்டார். கடன் வாங்குவதில்லை என்பதிலும் உறுதியாக நின்றார். அவருடைய ஜெபங்களுக்குப் பதில் கிடைத்தது என்று இன்றைக்கு நாம் சாட்சியாகச் சொல்ல முடிகிறது என்றால், அவர் எழுதிவைத்ததனால்தானே!

ஜான் வெஸ்லியும் அப்படியே. 1791 மார்ச் மாதம் மரித்தார். அதற்கு முந்தின ஜூலை மாதம் வரைக்கும், 87 வயதிலும், தம்முடைய சொந்த வரவுசெலவை நோட்டில் எழுதினார். ஆக்ஸ்போர்டில் இருந்த ஒரு வாலிபனைக் குறித்து அவர் தமது பிரசங்கம் ஒன்றில் சொல்லியிருக்கிறார். அது வெஸ்லியேதான் என்று சொல்லப்படுகிறது. வருஷ வருமானம் 30 பவுன் இருந்தபோது அந்த வாலிபன் 28 பவுனில் ஜீவித்து 2 பவுனைக் கொடுத்தான். அடுத்த வருஷம் வருமானம் 60 பவுன். அப்போதும் செலவு 28 தான், கொடுத்தது 32. பின்பு 90 ஆனது, 120 ஆனது. செலவு அதே 28. தனக்குப் போதுமானது எவ்வளவு என்று எழுதிப் பார்த்து அறிந்தவனால்தான் இப்படிக் கொடுக்க முடியும்.

"வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாதே, காணிக்கையை எழுதலாமா?"

மத்தேயு 6-ல் ஆண்டவர் கண்டித்தது மனுஷர் மெச்சும்படி தாரை ஊதிக் கொடுப்பதை. வீட்டு நோட்டு யாருக்கும் ஊதப்படுகிற தாரை அல்ல.

"தாவீது கணக்கெடுத்துத் தண்டனை அடைந்தானே?"

2 சாமுவேல் 24-ல் தாவீது எண்ணினது பட்டயம் உருவுகிற சேவகரை. தன் பெலத்தைப் பார்க்க எண்ணினான். நாமோ நம்முடைய குறைவைப் பார்க்க எண்ணுகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

4. முப்பது நாள் நோட்டு

இப்போது வேலைக்கு வருவோம். கடையில் ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, விவரம், வரவு, செலவு என்று நான்கு கோடு போடுங்கள். செலவை ஐந்து பாகமாகப் பிரித்தால் போதும்:

அ) கர்த்தருக்கு: தசமபாகம், காணிக்கை, ஏழைக்குக் கொடுத்தது.
ஆ) வீட்டுக்கு: வாடகை, அரிசி, மளிகை, பால், காய்கறி, கேஸ், கரண்ட்.
இ) பிள்ளைகளுக்கு: பீஸ், பஸ், நோட்டுப் புஸ்தகம், தின்பண்டம்.
ஈ) கடனுக்கு: வட்டி, தவணை, சீட்டு.
உ) மற்றவை: மருந்து, போன் ரீசார்ஜ், மொய், வெளியில் சாப்பிட்டது.

இதற்குச் சில ஒழுங்குகள் உண்டு.

முதலாவது, அன்றன்றைக்கு எழுதுங்கள். ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு முன் ஐந்து நிமிஷம் போதும். "சனிக்கிழமை சேர்த்து எழுதிக்கலாம்" என்றால் புதன்கிழமை செலவழித்த 70 ரூபாய் எதற்கென்று ஞாபகம் வராது. 2016-ல் யூபிஐ வந்ததிலிருந்து கடையில் போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. கையிலிருந்து நோட்டு போகும்போது மனதிலே உறைத்தது, போனில் தட்டும்போது உறைப்பதில்லை. ஆகவே எழுதும்போது போனில் அன்றைய கணக்கையும் திறந்து பாருங்கள்.

இரண்டாவது, முதல் மாதம் எதையும் மாற்ற வேண்டாம். குறைக்கவும் வேண்டாம், யாரையும் குற்றப்படுத்தவும் வேண்டாம். எழுதினால் மட்டும் போதும். "நீ சேலை வாங்கினே", "நீங்க சிநேகிதனுக்குக் கொடுத்தீங்க" என்று ஆரம்பித்தால் மூன்றாம் நாள் நோட்டு பரணுக்குப் போய்விடும். புருஷனும் மனைவியும் ஒரே நோட்டில் எழுத வேண்டும். ஒருவருக்கு மறைவாக மற்றவர் வைத்திருக்கிற கடன்தான் குடும்ப சமாதானத்தை அதிகமாகக் கெடுக்கிறது.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டிப் பாருங்கள். ஐந்து பாகத்துக்கும் ஐந்து தொகை. அவ்வளவுதான்.

நான்காவது, வருஷத்துக்கு ஒருமுறை வருகிற செலவுகளைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள்: ஸ்கூல் பீஸ், கிறிஸ்துமஸ் துணி, ஊருக்குப் போய்வருவது, வீட்டு வரி. இவை திடீரென்று வருகிற செலவுகள் அல்ல. தேதி குறித்துக்கொண்டு வருகிறவை. எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 24,000 ரூபாய் என்றால் மாதத்துக்கு 2,000. ஜூன் மாதத்தில் வட்டிக்கு வாங்குகிற அநேகர் வாங்குவது இந்தப் பக்கம் இல்லாததனால்தான்.

5. கடனுக்கு ஒரு பக்கம்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் கடன்களை எழுதுங்கள். யாரிடம், எவ்வளவு வாங்கினது, என்ன வட்டி, இன்னும் எவ்வளவு பாக்கி? இந்தப் பக்கத்தை எழுதத்தான் கை நடுங்கும். ஜெபித்துவிட்டு எழுதுங்கள்.

நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால் சின்னதாகத் தெரியும். 20,000 ரூபாய்க்கு மாதம் 600 ரூபாய். அசலைத் தொடாமல் மூன்று வருஷம் கட்டினால் 21,600 ரூபாய் வட்டியாகவே போய்விடும். வாங்கினதைவிட அதிகமாகக் கட்டியும் 20,000 அப்படியே நிற்கும்! கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்லுவது இதைத்தான். எழுதிப் பார்க்கும்போதுதான் எந்தக் கடனை முதலில் அடைக்க வேண்டும் என்று புரியும். அதிக வட்டி எதுவோ அதுதான் முதலாவது.

ஒரு குடும்பத்தின் சாட்சியை அவர்கள் சம்மதத்தோடு சொல்லுகிறேன். புருஷன் பெயின்டர், மனைவி வீட்டிலே தையல். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த மாதம் வந்தது 21,500 ரூபாய். "எவ்வளவு கடன்?" என்றதற்கு, "ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்குங்க ஐயா" என்றார் அந்தச் சகோதரன். கடன் பக்கத்தை எழுதினோம். மூன்று குழுக்களில் பாக்கி 46,000. வங்கியில் நகைக் கடன் 38,000. மூன்று வட்டிக்கு 20,000. ஐந்து வட்டிக்கு 10,000. சபையிலே ஒரு சகோதரனிடம் கைமாற்று 5,000. கூட்டினால் 1,19,000!

அது சின்னத் தொகையல்ல. ஆனாலும் மனதிலே இருந்ததற்கும் தாளிலே இருந்ததற்கும் எண்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம். அதைவிட ஒரு காரியம் என்னை உருக்கிற்று. அந்தச் சகோதரன் இரண்டு மாதமாக ஆராதனைக்கு வராமல் இருந்தார். கைமாற்றுக் கொடுத்தவர் முகத்தைப் பார்க்க வெட்கம். திருவிருந்தையும் விட்டுவிட்டார். பட்டியலைப் பார்த்தால் அதிலே மிகச் சின்னத் தொகை அந்த 5,000 தான்!

முப்பது நாள் கணக்கில் வெளியே டீ, டிபன் 1,480 ரூபாய் என்று வந்தது. அதில் 900 குறைக்கலாம் என்று அவரே சொன்னார். டீயே குடிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வெயிலில் சாரத்தில் நிற்கிற மனுஷனுக்கு டீ வேண்டும். யாரும் உபயோகிக்காத இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் 299. பிள்ளைகளின் பாக்கெட் தின்பண்டம் 600; அதில் பாதியை மனைவி குறைத்தார். ஏறக்குறைய 1,500 ரூபாய் கிடைத்தது. 500 ரூபாயை மாதாமாதம் கைமாற்றுக் கொடுத்த சகோதரனுக்குத் தருவதாக இருவரும் நேரில் போய்ச் சொன்னார்கள். அவர், "இதுக்காகவா பிரதர் சபைக்கு வராம இருந்தீங்க?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். ஐந்து வட்டிக்காரர் அசலைச் சிறுகச்சிறுக வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ஏற்கெனவே கட்டிவந்த 500 வட்டியோடு 1,000 சேர்த்து மாதம் 1,500 கட்டக்கட்ட, ஒன்பதாம் மாதத்தில் அந்தக் கடன் முடிந்தது. மற்றவை இன்னும் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் ராத்திரி தூக்கம் திரும்பி வந்துவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

குழுக்கடன் வாங்குகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ரிசர்வ் வங்கி 2022-ல் கொடுத்த விதியின்படி, சிறுகடன் கொடுக்கிறவர்கள் குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடி பார்க்க வேண்டும். நோட்டு எழுதினால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். ஒரு குழுவுக்குக் கட்ட இன்னொரு குழுவில் வாங்குகிற நிலை வந்திருந்தால், இனி ஒரு கையெழுத்தும் போடாதேயுங்கள். வட்டிக்காரர் மிரட்டினால் பயந்து மறைக்காதேயுங்கள்; கந்துவட்டிக்கு விரோதமாகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்திருக்கிறது. போதகரிடமும் மூப்பர்களிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்று: கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்க வேண்டாம். ஒருவனுக்கு உள்ளதின்படியே அவன் கொடுப்பது அங்கீகரிக்கப்படும், இல்லாததின்படியல்ல என்பதே 2 கொரிந்தியர் 8:12-ன் கருத்து.

6. எழுதியும் துண்டு விழுந்தால்?

இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கணக்கு எழுதுவதனால் சம்பளம் கூடாது. சில வீடுகளில் முப்பது நாள் எழுதிப் பார்த்தால், வீண் செலவென்று ஒரு ரூபாய்கூட இருக்காது. அரிசியும் மருந்தும் வாடகையுமே வருமானத்தைத் தாண்டி நிற்கும். அப்படிப்பட்ட வீட்டாரே, நீங்கள் குற்றவாளிகள் அல்ல. "எனக்குத்தான் குடும்பம் நடத்தத் தெரியவில்லை" என்று இத்தனை நாள் உங்களையே நொந்துகொண்டீர்களே, அந்தப் பாரத்தை இன்றைக்கே இறக்கிவையுங்கள். குறைவு உங்களிடத்தில் அல்ல, கூலியில் இருக்கிறது என்பதற்கு அந்த நோட்டே சாட்சி.

இங்கேதான் சபைக்குப் பொறுப்பு வருகிறது. எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாட விசாரணை நடந்தது. அதிலே குறைவு வந்தபோது ஏழு பேரை நியமித்துச் சரிப்படுத்தினார்கள் (அப்போஸ்தலர் 6:1-6). நோட்டோடு வருகிற விசுவாசிக்கு உதவி செய்வது மூப்பர்களுக்கும் சுலபம். "இந்த மாதம் 1,800 ரூபாய் குறைகிறது" என்று சொன்னால், அரிசிக்கு ஒருவர், பீஸுக்கு ஒருவர் என்று சபை தாங்க முடியும். "ரொம்பக் கஷ்டம்" என்று மாத்திரம் சொன்னால், ஜெபித்து அனுப்புவதைத் தவிர அவர்களுக்கும் வழி தெரிவதில்லை.

குடும்பமாகக் கலந்து பேச:

1. நம் வீட்டின் மொத்தக் கடன் எவ்வளவு என்று நம் இருவருக்கும் தெரியுமா?
2. அதிலே அதிக வட்டி எதற்கு? நம்மை அதிகமாக வெட்கப்படுத்துகிற கடன் எது? இரண்டும் ஒன்றுதானா?
3. அடுத்த 12 மாதத்தில் தேதி குறித்து வருகிற செலவுகள் எவை?
4. நம்முடைய நோட்டில் "கர்த்தருக்கு" என்கிற பாகத்தில் ஏழைக்குக் கொடுத்தது ஏதாவது இருக்கிறதா?

ஜெபம்: அன்புள்ள பரமபிதாவே, எங்கள் தேவைகளை நாங்கள் கேட்கிறதற்கு முன்னமே அறிந்திருக்கிறவரே, உம்மை ஸ்தோத்தரிக்கிறோம். எழுதிப் பார்க்கப் பயந்த கணக்கை எழுத எங்களுக்குத் தைரியம் தாரும். எங்கள் வீட்டில் ஒருவரையொருவர் குற்றப்படுத்தாத நாவைத் தாரும். கடனாலே வெட்கப்பட்டுச் சபையை விட்டு ஒதுங்கி நிற்கிறவர்களைத் திரும்பக் கொண்டுவாரும். கூலி போதாமல் தவிக்கிற வீடுகளை விசாரிக்கிற இருதயத்தை எங்கள் சபைக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.